கொட்டிய பாலும் சேமித்த பாலும்: சீம்பாலின் வரலாறு

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவாக விரிந்து கிடக்கும் பழவேற்காடு ஏரியைச் சார்ந்து வாழும் மீனவச் சிற்றூர்களுள் தோணிரேவும் ஒன்று. இப்பகுதியின் எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் துறைமுகத்தின் வரலாறாகவே இருக்கிறது. 1613-இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டையும், இங்கிருந்து கப்பலேறிய துணிகளும், 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியதும் ஆவணங்களில் இடம்பெற்றுள்ளன. 1630-களில் பழவேற்காட்டில் பணியாற்றிய டச்சுச் சமயப் போதகர் ஆபிரகாம் ரொகேரியுஸ் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1651-இல் லெய்டன் நகரில் வெளியான நூல் இம்மண்ணின் பழக்கவழக்கங்களைப் பேசுகிறது என்றாலும், அதன் பொருள் பிராமணர்களின் வாழ்வும் சமயமுமே. ஏரியில் வலை வீசியவனின் மனைவி எங்கே பிள்ளை பெற்றாள், பிறந்த குழந்தையின் வாயில் முதலில் எது வைக்கப்பட்டது என்பவை கணக்கேடுகளுக்கு உரிய செய்திகளாக ஒருநாளும் கருதப்படவில்லை. ஆயினும் ஒரு குழந்தை பிழைப்பதிலும் இறப்பதிலும் அந்த முதல் துளிக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், அத்துளியின் வரலாறும் எழுதப்பட வேண்டியதே.

பிள்ளைப்பேற்றை ஒட்டித் தாயிடம் முதலில் சுரக்கும் கெட்டியான, மஞ்சள் நிறம் கலந்த பால் சீம்பால் எனப்படும். பல நூற்றாண்டுகளாகத் தாயின் மார்பிலிருந்து இது கையால் பீய்ச்சித் தரையில் கொட்டப்பட்டது. இன்று அதே பால், குறிப்பிட்ட சில தாய்மார்களுக்கு, குழந்தை பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்னரே அதே கை அசைவால் எடுக்கப்பட்டுக் குளிர்நிலையில் சேமிக்கப்படுகிறது. கொட்டுவதற்காகப் பழகிய கை சேமிப்பதற்காகப் பழகிய இந்த மாற்றமே சீம்பால் வரலாற்றின் சாரம்.

ஏரிக்கரையின் பேறுகால அறை

மருத்துவமனைப் பேறு பரவலாவதற்கு முன், தமிழக ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். நாவிதர் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களே பல இடங்களில் இத்தொழிலை வழிவழியாகச் செய்துவந்தனர். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. பேறு முடிந்ததும் தாய்க்கும் சேய்க்கும் தீட்டு உண்டு என்ற நம்பிக்கையால் இருவரும் வீட்டின் ஒரு மூலையில் தனித்து வைக்கப்பட்டனர். அந்நாட்களில் சுரக்கும் பாலும் தீட்டின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டது. ஒன்பது மாதம் மார்பில் தேங்கிக் கிடந்த பால், அதனால் கெட்டுப்போன பால், சீழ்போல் இருக்கும் பால், செரிக்காத கனத்த பால் என்று அதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. எனவே முதல் இரண்டு அல்லது மூன்று நாட்கள் மருத்துவச்சியோ பாட்டியோ அதைப் பீய்ச்சி வெளியேற்றச் சொன்னார்கள். வெள்ளைப் பால் இறங்கிய பிறகே குழந்தை மார்பில் போடப்பட்டது.

அந்த இடைவெளியை நிரப்பியவை பல பொருள்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், சில வீடுகளில் வயிறு கழுவுவதற்கென்று ஓரிரு துளி விளக்கெண்ணெய் ஆகியன குழந்தையின் வாயில் வைக்கப்பட்டன. தமிழகத்தின் பல பகுதிகளில் இச்சடங்குக்குச் சேனை வைத்தல் என்று பெயர். குடும்பத்தில் நல்ல குணமுள்ளவர், வாழ்ந்து காட்டியவர் என்று மதிக்கப்படும் ஒருவரே சேனை வைக்க அழைக்கப்பட்டார், அவருடைய குணம் குழந்தைக்கும் வரும் என்ற நம்பிக்கையால். இவ்வழக்கத்துக்குப் பின்னால் இருந்தது குழந்தைக்குத் தீங்கு செய்யும் எண்ணமன்று. பிறந்த உயிரை உறவோடு பிணைத்துவிட வேண்டும் என்ற ஆசையே அதன் வேர். ஆனால் கிணற்று நீரும் கைவிரலும் சுமந்து வந்த கிருமிகளுக்கு அந்த ஆசை தெரியாது. நோயைத் தடுக்கும் பால் கீழே கொட்டப்பட, நோயைக் கொண்டுவரக்கூடிய நீர் உள்ளே சென்றது.

இதே வீடுகளில் பசுவின் சீம்பாலுக்குக் கிடைத்த மரியாதை வேறு. கன்று குடித்தது போக மீந்த முதல் நாள் பாலை வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து வேகவைத்துக் கட்டியாக்கி, அண்டை வீட்டாருக்கும் பகிர்ந்து உண்பது ஊர்வழக்கம். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் பழவேற்காட்டு வட்டாரத்துக்கு அருகே, ஆந்திர எல்லைக்கு அப்பால், இதே பண்டம் ஜுன்னு என்ற பெயரில் விரும்பி உண்ணப்படுகிறது. சீம்பால் குடிக்காத கன்று தேறாது என்பதை மாடு வளர்ப்போர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அந்த அறிவு தொழுவத்தோடு நின்று, பேறுகால அறைக்குள் நுழையவில்லை.

நூல்களும் வழக்கமும்

சீம்பாலை விலக்கும் வழக்கத்தைப் படிக்காதவர்களின் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. கற்றோர் எழுதிய மருத்துவ நூல்களிலும் அதற்கு இடம் இருந்தது. தாய்ப்பால் பேற்றுக்குப் பின் மூன்று அல்லது நான்கு நாள் கழித்தே இறங்குகிறது என்று கூறும் சுசுருத சம்ஹிதை, அதுவரை தேனும் நெய்யும் மூலிகைகளும் கொடுக்க வழி சொல்கிறது. சரக சம்ஹிதையோ தேனும் நெய்யும் கொடுத்த பின் முதலில் வலப்பக்க மார்பைக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்கிறது. ஆகவே இந்திய மருத்துவ மரபில் ஒரே குரல் ஒலிக்கவில்லை. ஆனால் நடைமுறையில் மேலோங்கியது காத்திருக்கச் சொன்ன குரலே.

மேலைநாட்டு மருத்துவமும் இதற்கு விலக்கன்று. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமில் பணியாற்றிய எபேசு நகர மருத்துவர் சொரானுஸ், தாயின் பால் ஏறத்தாழ 20 நாட்கள் வரை நலம் பயக்காது என்று எழுதினார். அக்கருத்து ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 1748-இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கடோகன் குழந்தை வளர்ப்புப் பற்றி எழுதிய கட்டுரையில், பிறந்தவுடன் குழந்தையின் வாயில் வெண்ணெயும் சர்க்கரையும் திணிக்கும் வழக்கத்தைக் கண்டித்து, தாயின் பாலையே பரிந்துரைத்தார். லண்டனின் சர்க்கரையும் தமிழகத்தின் சேனையும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கின்றன. கண்ணுக்குப் பழக்கமான வெண்மையான பாலை மட்டும் பால் என்று கொண்டு, அளவில் குறைந்தும் நிறத்தில் மாறுபட்டும் தோன்றிய சுரப்பை ஐயுற்றது மனித இயல்பு.

அந்த ஐயத்தை ஆய்வுக்கூடம் தீர்த்துவைத்தது. 1892-இல் ஜெர்மானிய அறிஞர் பவுல் எர்லிக், சுண்டெலிகளில் தாயின் நோய் எதிர்ப்பாற்றல் பால் வழியாகக் குட்டிகளுக்குச் செல்வதைக் காட்டினார். 1961-இல் சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் ஹான்சன், குடலின் உட்சுவரைக் காக்கும் சுரப்பு வகை எதிர்ப்புப் புரதத்தைத் தாய்ப்பாலில் கண்டறிந்தார். இப்புரதம் சீம்பாலில் மிகச் செறிவாக உள்ளது. சீம்பாலின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம், கேரட்டுக்கும் நிறம் தரும் கரோட்டின். சீழ் என்று அஞ்சப்பட்டது உண்மையில் வைட்டமின் ஏ-யின் மூலப்பொருள். பிறந்த குழந்தையின் குடலில் உள்ள கருமலத்தை வெளியேற்ற விளக்கெண்ணெய் தேவைப்படவில்லை. மலமிளக்கும் தன்மை சீம்பாலுக்கே உண்டு. முதல் நாளில் ஒரு வேளைக்குச் சில மில்லிலிட்டர் அளவே சுரந்தாலும், குழந்தையின் சிறு வயிற்றுக்கு அதுவே போதும்.

தமிழக மண்ணிலிருந்தே இதற்குச் சான்று கிடைத்தது. கிராமப்புறத் தமிழகத்தில் வைட்டமின் ஏ பற்றி நடந்த ஒரு பெரிய ஆய்வில் இடம்பெற்ற 10,464 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்து 2011-இல் வெளியான கட்டுரை, பிறந்து 24 மணி நேரத்துக்குப் பின் தாய்ப்பால் தொடங்கப்பட்ட குழந்தைகளுக்கு, முதல் மாதத்தில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 78 விழுக்காடு கூடுதலாக இருந்ததைக் கண்டது.

மருத்துவமனையின் சர்க்கரைத் தண்ணீர்

சென்னையில் பேறுகால மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. பின்னர் அது எழும்பூருக்கு இடம்பெயர்ந்தது. 1885-இல் பெண்களுக்கு மருத்துவ உதவி அளிக்கத் தொடங்கிய டஃபரின் நிதியும், அதே ஆண்டில் மருத்துவர் மேரி ஷார்லீப் முயற்சியால் உருவான, திரைமறைவில் வாழ்ந்த கோஷா பெண்களுக்கான மருத்துவமனையும், 1903-இல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளிப்பதற்கென ஏற்பட்ட விக்டோரியா நினைவு நிதியும் பிள்ளைப்பேற்றை மருத்துவரின் பார்வைக்குள் கொண்டுவந்தன. கத்தி சுத்தமானது, கைகள் கழுவப்பட்டன, தாய்மார் சாவு குறைந்தது. இவையெல்லாம் பெரும் நன்மைகள்.

ஆனால் முதல் பால் விஷயத்தில் மருத்துவமனை பழைய பிழையைப் புதிய உருவில் தொடர்ந்தது. குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வைப்பதும், கடிகாரம் பார்த்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் பால் கொடுப்பதும், பால் இறங்கும் வரை குளுக்கோஸ் தண்ணீர் கொடுப்பதும் 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகெங்கும் மருத்துவமனை ஒழுங்காக விளங்கின. பாட்டியின் சர்க்கரைத் தண்ணீர் போய் செவிலியின் சர்க்கரைத் தண்ணீர் வந்தது. அதன் பின்னால் புட்டிப்பாலும் வந்தது. 1939-இல் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பாலுக்கு மாற்றாகப் பால்பொருள்களை விற்கும் விளம்பரங்களால் நிகழும் குழந்தை இறப்புகளைக் கொலை என்றே பொதுமேடையில் சொன்னார். அக்குரல் அரசுகளின் காதில் விழ நாற்பது ஆண்டுகள் ஆயின. 1981-இல் உலக சுகாதார அவை தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. இந்தியா 1992-இல் அதற்கெனச் சட்டம் இயற்றி, 1993 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. 1989-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வெளியிட்ட பத்து படிநிலைகள், பிறந்தவுடன் தாய்ப்பால் தொடங்குவதையும், வேறு எந்த நீர்மமும் கொடுக்காமல் இருப்பதையும் மருத்துவமனைகளின் கடமையாக்கின.

தேசியக் குடும்ப நல ஆய்வு இம்மாற்றத்தின் வேகத்தைக் காட்டுகிறது. 1992-93-இல் இந்தியாவில் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் சுமார் 10 விழுக்காடு மட்டுமே. 2015-16-இல் அது 41.6 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் 2019-21-இல் 41.8 விழுக்காட்டோடு நின்றுவிட்டது. தமிழகத்தில் மருத்துவமனைப் பேறு 99 விழுக்காட்டைத் தாண்டிவிட்ட நிலையில், அறுவைப்பேறும் அதே 2019-21 ஆய்வில் 44.9 விழுக்காட்டை எட்டியிருந்தது. மயக்கம் தெளியாத தாய், தையல் வலி, தாயிடமிருந்து தள்ளி வைக்கப்பட்ட குழந்தை ஆகியவை இப்போது முதல் மணி நேரத்தைப் பறித்துக்கொள்கின்றன. தீட்டு தடுத்த இடத்தில் இன்று அறுவைக்கூடத்தின் நடைமுறை நிற்கிறது.

பீய்ச்சுதல் மருத்துவமான கதை

குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த குழந்தை மார்பில் சப்பும் வலிமை பெற்றிருப்பதில்லை. இத்தகைய குழந்தைகளுக்குத் தாயின் பாலைக் கையால் எடுத்து ஊட்டினால் தொற்றுநோய் குறைகிறது என்பதைத் தில்லி மருத்துவர் இந்திரா நாராயணனும் அவருடைய குழுவினரும் 1980-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டனர். பாலைப் பீய்ச்சுவது இதன்வழி ஒரு சிகிச்சையாகவே ஏற்கப்பட்டது. 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கிய தாய்ப்பால் வங்கி, இந்தியாவில் மட்டுமன்றி ஆசியாவிலேயே முதலாவது. 2010-களில் தமிழக அரசு மருத்துவமனைகளிலும் தாய்ப்பால் வங்கிகள் தோன்றின.

எடுத்த பாலை ஊட்டும் கருவியைத் தமிழ் வீடு ஏற்கெனவே வைத்திருந்தது. வெள்ளியிலோ எவர்சில்வரிலோ செய்யப்பட்டு, உள்ளங்கையில் அடங்கும் குழிவும் முன்புறம் மூக்குபோல் நீண்ட குறுகிய வாயும் கொண்ட பாலாடை, மருந்தும் பாலும் புகட்டத் தலைமுறைகளாகப் பயன்பட்டது. குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை வாயோரத்தில் வைத்து, ஒரு மடக்கு விழுங்கிய பின் அடுத்ததைச் சாய்ப்பது அதன் முறை. 1999-இல் வெளியான இந்திய ஆய்வொன்று, புட்டி, கிண்ணம், பாலாடை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, பச்சிளங்குழந்தைகள் பாலாடையில் குறைந்த நேரத்தில் கூடுதலாகக் குடித்ததைக் கண்டது. இன்று இந்தியப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பாலாடை அதே பெயரோடு வழங்குகிறது.

பேற்றுக்கு முன் சேமித்தல்

கருவுற்ற பெண்ணின் மார்பில் ஏறத்தாழ 16-ஆம் வாரம் முதலே சீம்பால் உருவாகத் தொடங்குகிறது. நஞ்சுக்கொடி உடலில் இருக்கும் வரை அதன் இயக்குநீர்கள் பெருக்கான சுரப்பைத் தடுத்து வைக்கின்றன. அது வெளியேறிய பின் இரண்டு முதல் நான்கு நாட்களில் பால் பெருகுகிறது. ஆகவே பேற்றுக்கு முன்னரே சில துளிகளை எடுக்க இயலும். 1940-களில் லண்டனின் வுல்விச் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் ஹரோல்டு வாலர், பேற்றுக்குப் பின் மார்பு கட்டிக்கொள்வதைத் தவிர்ப்பதற்காக, நிறைமாதத்தை நெருங்கும் பெண்களுக்குச் சீம்பாலைக் கையால் எடுக்கக் கற்பித்தார். அவர் நோக்கம் பாலைச் சேமிப்பதன்று. பால்வழிகளைத் திறந்து, பெண்ணின் கைக்குப் பழக்கம் ஏற்படுத்துவதே. மார்புக் காம்பைத் தூண்டினால் கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் சுரந்து முன்கூட்டியே வலி கண்டுவிடுமோ என்ற அச்சத்தால் பின்னாளில் இம்முறை கைவிடப்பட்டது.

நீரிழிவு அதை மீட்டது. கர்ப்பகாலத்தில் தாயின் இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, குழந்தையின் கணையம் அதற்கு ஈடாக இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கிறது. தொப்புள்கொடி அறுந்ததும் சர்க்கரை வரத்து நிற்க, இன்சுலின் மட்டும் தங்கிவிடுவதால் குழந்தையின் இரத்தச் சர்க்கரை தாழ்கிறது. அப்போது உடனடியாகப் பால் தேவை. தாயின் பால் தாமதித்தால் பவுடர் பால் கொடுக்கப்படுகிறது. இதைத் தவிர்க்கச் சீம்பாலை முன்னரே எடுத்துச் சேமிக்கலாம் என்று 2006-இல் ஆஸ்திரேலியத் தாய்ப்பால் ஆலோசகர் சூ காக்ஸ் எழுதினார். இது பாதுகாப்பானதுதானா என்ற கேள்விக்கு விடை தேடி, டெல்லா ஃபார்ஸ்டர் தலைமையில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், நீரிழிவு உள்ளவர்களும் வேறு சிக்கல் இல்லாதவர்களுமான 635 கர்ப்பிணிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுள் ஒரு பாதியினர் 36-ஆம் வாரம் முதல் நாளொன்றுக்கு இருமுறை சீம்பாலை எடுத்தனர். 2017-இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்ற குழந்தைகள் எடுத்தவர்களிடையே 15 விழுக்காடும், எடுக்காதவர்களிடையே 14 விழுக்காடும் ஆவர். அதாவது தீங்கு கூடவில்லை. முதல் 24 மணி நேரத்தில் தாய்ப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகளோ எடுத்தவர்களிடையே கூடுதலாக இருந்தனர்.

எடுக்கும் முறை எளிது. கையைச் சோப்பிட்டுக் கழுவி, காம்பிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. பின்னால் கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் எதிரெதிரே வைத்து, மார்புக்கூட்டை நோக்கி அழுத்தி, பின் விரல்களை ஒன்றையொன்று நோக்கி நெருக்கி விடுவிக்க வேண்டும். தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது. தொடக்கத்தில் ஓரிரு துளியே வரும். சிலருக்கு எதுவும் வராது, அதனால் பின்னர் பால் குறையும் என்று பொருளில்லை. துளிகள் சுத்தமான கரண்டியிலோ ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சிலோ சேர்க்கப்பட்டு, தேதி எழுதப்பட்டு, உறைநிலையில் வைக்கப்படுகின்றன. உறைந்த பாலைக் கொதிக்க வைத்தால் எதிர்ப்புப் புரதம் கெடும் என்பதால், வெதுவெதுப்பான நீரில் வைத்தே உருக்க வேண்டும். உருகியதை மீண்டும் உறைய வைக்கலாகாது. இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், குறைமாதப் பேற்றுக்கு வாய்ப்புள்ளவர்கள், கருப்பை வாயில் தையல் இடப்பட்டவர்கள், நஞ்சுக்கொடி தாழ்ந்திருப்பவர்கள், இரத்தப்போக்கு உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது.

ஏரிக்கரைக்குப் பொருந்துவது

ஆஸ்திரேலிய நகரங்களின் இம்முறைக்கும் பழவேற்காட்டு ஏரிக்கரைக்கும் தொடர்பு இல்லை என்று எண்ணத் தோன்றலாம். சென்னை நீரிழிவு மருத்துவர் வி. சேஷய்யாவும் குழுவினரும் தமிழகத்தில் 12,056 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றுகிறது. நகர்ப்புறத்தில் 17.8 விழுக்காடும், கிராமப்புறத்தில் 9.9 விழுக்காடும் கர்ப்பகால நீரிழிவு அதில் காணப்பட்டது. கிராமத்துக் கர்ப்பிணிகளில் பத்தில் ஒருவர் என்றால், எந்த மீனவச் சிற்றூரும் இதற்கு வெளியே இருக்க முடியாது. அத்துடன் எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரையிலான உப்பங்கழிகளில் நீருக்குள் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கும், மீன்கூடை சுமந்து சந்தைக்குச் செல்லும் பெண்களுக்கும் பேறுகால ஓய்வு நீண்டதாக அமைவதில்லை. வேலைக்குத் திரும்பிய பின்னும் குழந்தைக்குத் தன் பாலை விட்டுச் செல்ல, கையால் பால் எடுக்கும் பழக்கமே அவர்களுக்குத் துணை.

அதே வேளையில் சேமிப்பின் வரம்புகளும் ஏரிக்கரைக்கு உண்மை. நிலையான மின்சாரமும் உறைபெட்டியும் இல்லாத வீட்டில் பாலை வாரக்கணக்கில் வைக்க இயலாது. இறாலுக்கும் மீனுக்கும் பயன்படும் ஐஸ் பெட்டி குழந்தையின் பாலுக்கு உரிய இடமன்று. எடுத்த தாய்ப்பால் 25 பாகை செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரமே தாங்கும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்லும்போது, கடலோரக் கோடையில் அந்த நேரம் இன்னும் குறுகும். ஆகவே வீட்டில் சேமிக்க வசதியற்ற பெண்ணுக்கு, 36-ஆம் வாரத்துக்குப் பின் மருத்துவரின் ஒப்புதலோடு கையால் எடுக்கும் முறையைக் கற்பித்து, பேற்றுக்கெனச் சேர்ந்த மருத்துவமனையிலேயே எடுத்து, அங்கேயே பாலாடையில் புகட்டச் செய்வது தக்க வழியாகும்.

இதற்குப் புதிய கட்டடமோ புதிய கருவியோ வேண்டியதில்லை. ஒவ்வொரு கர்ப்பிணியையும் பெயர் சொல்லி அறிந்த கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனையும் நடைமுறையில் உள்ளது. சர்க்கரை மிகுந்திருப்பதாகவோ அறுவைப்பேறு உறுதி என்றோ தெரிந்த பெண்ணுக்கு அந்த வேளையிலேயே கையால் பால் எடுக்கும் முறையைக் கற்பிப்பதும், மாமியாரையும் பாட்டியையும் உடன் அமர்த்தி விளக்குவதும் மட்டுமே எஞ்சிய பணி. குழந்தையின் முதல் உணவை முடிவு செய்தவர்கள் என்றும் அவர்களே என்பதால், அவர்களை விலக்கிவைத்து எந்த அறிவுரையும் இவ்வூர்களில் வேர் பிடிக்காது. சிக்கலில்லாத பேற்றில் முன்கூட்டிச் சேமிக்க வேண்டிய தேவையே இல்லை. பிறந்த குழந்தையை உடனே தாயின் மார்பில் போட்டாலே போதும். தேவையுள்ள பெண்ணுக்கோ, தன் முதல் பாலைத் தானே எடுத்துத் தன் குழந்தைக்குக் கொடுக்கும் திறமையைப் பேற்றுக்கு முன்னரே கற்றுத் தருவது ஊர் அவளுக்குச் செய்ய வேண்டிய கடமை.